நத்தைப் பேட்டையில் ஓர் அறை

மே 31, ஞாயிறு

குலுக்கல் முடிந்தது. சியெனாவின் பதினேழு பேட்டைகளில், ஜூலை இரண்டாம் தேதிக் குதிரைப் பந்தயத்தில் ஓடும் பத்தில் எங்கள் ஆமைப் பேட்டை இல்லை. எங்கள் பரம்பரை எதிரியான நத்தைப் பேட்டை இருக்கிறது. ஆக, இந்த முறை எங்களுக்குக் குதிரை கிடையாது, வேலை மட்டும் உண்டு. நத்தை தோற்க வேண்டும் என்று ஒரு மாதம் மெழுகுவத்தி ஏற்றுவது.

ஆமையும் நத்தையும் பந்தயத்தில் என்ன வெட்டி முறிக்கப் போகின்றன என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சியெனாவில் பிறக்காதவர்களுக்கு அதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது?

மதியச் சாப்பாட்டில் என் மனைவி லோரியானா ரொட்டியை நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்போ நான் எங்க போறது?"

கை அப்படியே நின்றுவிட்டது. என் கைதான். அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தாறு வருடமாக இதுதான் வழக்கம். அவள் நத்தை, நான் ஆமை. ஜூன் 29 காலையில் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போவாள், பந்தயம் முடிந்து ஜூலை 3 திரும்புவாள். ஆகஸ்ட் பதினாறாம் தேதிப் பந்தயத்துக்கு இன்னொரு முறை. இந்த ஊரில் பேட்டை மாறிக் கல்யாணம் செய்தவர்கள் பலர் வீட்டில் இப்படித்தான், யாரும் இதைச் சண்டை என்று சொல்வதில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரு பேட்டைகளும் சந்திக்கும் மூலை வரை போவேன். அங்கே மாமியார் ஆர்ஜியா நிற்பாள். பெட்டி கை மாறும். "ஆமை புகுந்த வீடு உருப்படாது, இங்கேயே நில்லு" என்பாள். சொல்லிவிட்டு என் கையில் ஒரு பொட்டலம் வைப்பாள். பாதாம் பிஸ்கட். எங்கள் பேட்டைக்குள் வந்த பிறகுதான் தின்பேன்.

போன நவம்பரில் ஆர்ஜியா இறந்துபோனாள். அது வாடகை வீடு. பிப்ரவரியில் சொந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். ஜூன் மாதம் வரும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 1

"இந்த ஒரு வருஷம் இங்கயே இரேன்" என்றேன்.

"உன் வீட்டு ஜன்னல்ல உங்க கொடி தொங்கும். அதுக்குக் கீழ படுத்துக்கிட்டு எங்க குதிரைக்கு வேண்டிக்கவா? அதுக்குப் பதிலா மதம் மாறச் சொல்லு, யோசிக்கிறேன்."

"பின்ன என்னதான் செய்யறது?"

"ஹோட்டல் பாரு."

"நானா?"

"நீதானே சர்வேயர். ஊரையே அளந்தவன்."

நிபந்தனைகள் சொன்னாள். அறை நத்தைப் பேட்டைக்குள் இருக்கவேண்டும். ஜன்னலைத் திறந்தால் எங்கள் கொடி தெரியக்கூடாது. படுத்திருந்தால் அவர்கள் கோயில் மணி கேட்கவேண்டும். அப்புறம், போனில் கேட்கக்கூடாது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும்.

பந்தய வாரத்தில் சியெனாவில் அறை! ஒரு வருடம் முன்னாலேயே உலகம் பூராவும் பதிந்துவைத்துவிடும். அதுவும் எதிரிப் பேட்டையில். அதுவும் நான் போய்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நகராட்சியில் முப்பது வருடம் வீடு, தெரு, சாக்கடை எல்லாம் அளந்தேன். நத்தைப் பேட்டைக் கோப்பு வந்தால் மட்டும் உதவியாளரை அனுப்பிவிடுவேன். முழங்கால் வலி என்று சொல்லி. முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 4

நத்தைப் பேட்டையில் ஓரேஸ்தேயின் காபிக் கடைக்கு மேலே ஆறு அறைகள். வாசல்படி ஏறும்போதே உள்ளே குரல் கேட்டது: "கதவை மூடு, ஆமை உள்ள வருது!" கடையே சிரித்தது.

ஓரேஸ்தே என் வயதுக்காரன், வயிறு மட்டும் மூத்தது. புத்தகத்தை விரித்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"இடமே இல்லையே, சர்வேயரே. கனடாக்காரங்க. ஆறு ரூமும். என்ன செய்ய! உக்காருங்க, காபி சாப்பிடுங்க."

நத்தை படம் போட்ட கோப்பை. குடித்தேன், கண்ணை மூடிக்கொண்டு. நல்ல காபி, சனியன்.

எழுந்தபோது, "வந்ததுதான் வந்தீங்க, இந்த பால்கனி சாயுற மாதிரி இருக்கு, ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்களேன்" என்றான். சாயவில்லை. அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் அளக்கவேண்டியிருந்தது.

ஜூன் 6

ஊர் மதிலுக்கு வெளியே ஒரு பெரிய விடுதி. நீச்சல் குளம், ஒலிவ மரம், வெள்ளை அங்கி. ஒரே ஓர் அறை காலி. ஓடிவந்து சொன்னேன்.

"மணி கேக்குமா?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சா..."

"எங்க குதிரை சதுக்கத்துல ஓடும்போது நான் குளத்துல நீஞ்சிக்கிட்டு இருக்கணுமா?"

அடுத்தது.

ஜூன் 9

கன்னியர் மடத்தில் பயணிகளுக்கு எட்டு அறைகள் உண்டு. சுத்தம், அமைதி, மணிக்கூண்டு தலைமாட்டிலேயே. சிஸ்டர் எர்மீனியாதான் பொறுப்பு. எண்பது வயது இருக்கும், கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார்.

"ஆர்ஜியாவோட மாப்பிள்ளையா நீங்க? மூலை வரைக்கும் வர்றவரா?"

"ஆமாம், சிஸ்டர்."

"ரூம் இல்லையே, மகனே."

சோம்பு பிஸ்கட் கொடுத்தார். உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். ஆர்ஜியா பந்தயத்துக்கு முந்தைய விருந்தில் முன்னூறு பேருக்கு எப்படிச் சமைத்தாள், தோற்ற வருடம் எப்படிக் கோபத்தில் குழம்புப் பானையைத் தெருவில் கவிழ்த்தாள் — எனக்கு எதுவுமே தெரியாது. முப்பத்தாறு வருட மாமியார். எனக்குத் தெரிந்தது அவள் கையும் அந்தப் பொட்டலமும்தான்.

கிளம்பும்போது உணவுக்கூடத்துச் சுவரில் ஒரு விரிசலைக் காட்டினார். நாளை போய் அளக்கவேண்டும். எல்லோருக்கும் ஏன் என்னைக் கண்டதும் சுவர் விரிகிறது?

ஜூன் 12

என் பேட்டை நண்பன் கஸ்பெரோ வழிமறித்தான். "தினம் நத்தைக்குள்ள போறியாமே. உளவு பாக்கவா, கூலிக்கா?"

ஒருவேளை கூலிக்குத்தானோ?

ஜூன் 15

கண்டுபிடித்துவிட்டேன்!

எல்லைத் தெருவில் ஒரு சின்ன விடுதி. கதவு எங்கள் பக்கம், அதனால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1729இல் ஓர் இளவரசி போட்ட பேட்டை எல்லைக் கோட்டை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. மூன்றாம் எண் அறையில் நானே நாடா பிடித்து அளந்தேன். கட்டிலில் தலையணை வைக்கும் பக்கம் சந்தேகமில்லாமல் நத்தை. முழங்காலுக்குக் கீழேதான் ஆமை. அறையும் காலி. விடுதிக்காரப் பெண் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

லோரியானாவிடம் வரைபடத்தை மேசையில் விரித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ நாலு நாளும் காலை மடக்கிக்கிட்டே படுக்கணும்."

"கட்டிலைத் திருப்பிப் போடலாம்..."

"திருப்பினா தலை உங்க பேட்டை."

ஜூன் 16

இன்னும் சிரிக்கிறாள். போனில் யாரிடமோ சொல்லி, அங்கேயும் சிரிக்கிறார்கள்.

ஜூன் 20

இன்று ஆர்ஜியா குடியிருந்த தெரு வழியாகப் போனேன். மடத்துச் சுவரை அளந்துவிட்டுத் திரும்பும் வழி. அவள் வீட்டு வாசலில் புதுப் பலகை. 'தங்கும் அறைகள். ஜூன் 29 முதல்.'

ஜன்னல் திறந்திருந்தது. சமையலறைச் சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்துவிட்டார்கள். வாணலி மாட்டிய ஆணி மட்டும் இருக்கிறது, வெள்ளை பூசிக்கொண்டு. அழைப்பு மணி மேல் விரலை வைத்தேன். எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் ஒரே இடம் இதுதான். நத்தைப் பேட்டை, கொடி தெரியாது, மணி கேட்கும். லோரியானா பிறந்த அறை.

அழுத்தாமல் வந்துவிட்டேன்.

லோரியானாவிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். அவளாகவே கேட்டாள்.

"அம்மா வீட்டுப் பக்கம் போனியா?"

"போனேன்."

"உள்ள போனியா?"

"இல்ல."

"அங்கயும் வாசல்தானா" என்றாள். பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "பந்தயத்தன்னிக்கு எங்க கோயிலுக்குள்ள குதிரையைக் கூட்டிட்டு வந்து மந்திரிக்கிறாங்க, ஃபோஸ்கோ. குதிரையே உள்ள வருது."

இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும். எழுதாமல் ஏழு மாதம் ஓட்டியாயிற்று.

நவம்பரில் ஆர்ஜியாவின் அடக்கப் பூசை நத்தைப் பேட்டைக் கோயிலில் நடந்தது. சவப்பெட்டி மேல் நத்தைக் கொடி. எல்லோர் கழுத்திலும் அவர்கள் பேட்டை நிறத்தில் கழுத்துத்துணி. நான் படி வரை வந்து நின்றுவிட்டேன். துக்க நேரத்தில் ஆமை உள்ளே போய் அவர்கள் மனதைப் புண்படுத்தக்கூடாது, அது மரியாதை — இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லோரியானாவிடமும் அதையே சொன்னேன். அவள் "சரி" என்றாள். தூறல். குடை பிடித்து நின்றேன், ஒரு மணி நேரம்.

மரியாதையா அது? என்ன மரியாதை? பயம். முப்பத்தாறு வருடம் பொட்டலம் பொட்டலமாக வாங்கித் தின்றுவிட்டு ஒரு நன்றி சொல்லாதவன், எந்த முகத்தோடு உள்ளே போவது என்று பயம். அதைப் பேட்டைமேல் போட்டேன். பேட்டை எவ்வளவு சௌகரியமான விஷயம்.

கல்யாணத்தன்று, எல்லோர் முன்னாலும் "நத்தை வயித்துலயும் முத்துப் பிறக்கும்" என்று ஆர்ஜியாவிடமே சொன்னவன் நான். கிழவி அதையே மன்னித்திருப்பாள். இதை யார் மன்னிப்பது?

ஜூன் 24

இன்றைக்கு மடத்துக்கு நாடாவோ குறிப்பேடோ கொண்டுபோகவில்லை. சிஸ்டர் எர்மீனியா முன்னால் உட்கார்ந்து நேராகச் சொன்னேன்.

"சிஸ்டர், அவளுக்கு அம்மாவும் இல்ல, அம்மா வீடும் இல்ல. நாலு ராத்திரிக்கு ஒரு கட்டில் குடுங்க. ஒரு மூலையில போட்டாலும் போதும். அன்னைக்கு நான் உள்ள வந்திருக்கணும். வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்துவந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஜூன் 1. ஆறாம் எண் அறை. நான்கு இரவு. லோரியானா. கையெழுத்து அவளுடையதுதான்.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

"உன் பொண்டாட்டிக்கு இந்தப் பேட்டையில கட்டிலுக்கா பஞ்சம்? ஓரேஸ்தே வீட்ல ஒண்ணு, பேக்கரியில ஒண்ணு, ஆளாளுக்குப் போட்டு வச்சிருக்காங்க. அவதான் சொன்னா: 'அவரு வந்து கேக்கட்டும், சிஸ்டர். வீடு வீடா வந்து உக்காரட்டும். ரூம் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருங்க.' நானும் சொன்னேன். வாராவாரம் அதைப் பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லிட்டேன். பாதிரியாருக்குச் சிரிப்பு தாங்கல. அவரும் நத்தை."

"சுவர் விரிசல்?"

"அது நான் பொறந்ததுலேருந்து இருக்கு."

அப்படியானால் ஊரே ஒரு மாதமாக என்னை வைத்துக் கூத்து பார்த்திருக்கிறது! கோபம் வந்தது. வந்த கோபம் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அடங்கிவிட்டது. அடுத்து அவர் சொன்னதுதான் காரணம்.

"அன்னைக்கு முதல் வரிசையில அவ பக்கத்துல ஒரு இடம் இருந்துச்சு. நாங்க உக்காரப் போனா கையை வச்சு மறைச்சுக்கிட்டா. பூசை முடியற வரைக்கும் கையை எடுக்கவே இல்ல, மகனே."

ஜூன் 25

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. "இன்னிக்கும் கிடைக்கல" என்றேன். "தேடு, தேடு" என்றாள். ஓரேஸ்தே கடையில் போய் இரண்டு காபி குடித்தேன். தேடல்தான்.

ஜூன் 28, ஞாயிறு

பெட்டி கட்டியாகிவிட்டது. கழுத்துத்துணியை மேலே மடித்து வைத்தாள்.

"ரூமே கிடைக்கலையே, எங்கேன்னு போவே?" என்று கேட்டேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"அது என் கவலை. நீ பெட்டியைத் தூக்கினா போதும்." கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தாள். "சிஸ்டர் சொல்லிட்டாங்களா?"

"எந்த சிஸ்டர்?"

ஜூன் 29

காலை ஒன்பது மணி. மூலை. இந்தப் பக்கச் சுவரில் ஆமை, அந்தப் பக்கச் சுவரில் நத்தை. எதிரே பெட்டியை வாங்க யாரும் இல்லை.

கால் பழக்கத்தில் நின்றுவிட்டது. இந்த மாதத்தில் இருபது தடவையாவது தாண்டிய இடம், ஆனால் கையில் அவள் பெட்டியோடு ஒரு தடவையும் தாண்டியதில்லை. லோரியானா நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொஞ்சம் மெதுவாகத்தான் போனாள் என்று இப்போது தோன்றுகிறது.

பின்னாலேயே போனேன். ஓரேஸ்தே கடை வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் காபி, வேடிக்கைக்கென்றே.

"ஆமை பெட்டி தூக்குது, பாருங்கப்பா!"

"ஓட்டோட சேர்த்துத் தூக்குறதால லேட்டு!"

"சர்வேயரே, என் பால்கனி மறுபடி சாயுது!"

ஆறாம் எண் அறை இரண்டாவது மாடியில். பெட்டியைக் கட்டில்மேல் வைத்தேன். லோரியானா ஜன்னலைத் திறந்து கூரைகளைப் பார்த்தபடி நின்றாள்.

"ரூம் நல்லா இருக்கா?" என்றேன்.

"சுமார்தான். தேடினவன் சரியில்ல."

"ஜூன் ஒண்ணாம் தேதி நீயே எழுதினது."

திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது. "போ, போ. நீ இங்க நின்னா எங்க குதிரைக்கு ஆகாது."

ஜூலை 2

நத்தை இரண்டாவதாக வந்தது. இந்த ஊரில் கடைசியாக வருபவனை யாரும் கேட்கமாட்டார்கள், இரண்டாவதாக வருபவன்தான் தோற்றவன். ஜெயித்தது வேறு ஏதோ பேட்டை, அதுவா முக்கியம்? கஸ்பெரோ என்னைக் கட்டித் தூக்கிச் சுற்றினான். எங்கள் தெருவெல்லாம் பாட்டு. நான் பாடவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூலை 3

பத்து மணிக்கு மூலைக்குப் போனேன். அவள் இல்லை. எப்போதும் பத்துக்கு வந்துவிடுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது. பத்தரை. பதினொன்று. அங்கேயே இருந்துவிட்டால்? அம்மாவின் பேட்டைக்குள் அம்மாவின் ஆட்களோடு — என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியிருந்தால்?

அதற்கு மேல் நிற்கவில்லை. போனேன். காபிக் கடையில் ஒருவரும் கிண்டல் செய்யவில்லை, தோற்ற மறுநாள்.

கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன்" என்றாள். "மூலையிலயே நின்னியா?"

"நின்னேன்."

"மண்டு." எழுந்தாள். "நேத்து பாடினியா?"

"பாடினேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"போன தடவை நாங்க தோத்தப்போ அஞ்சு. எங்க சமையலறையில அம்மா காதுக்கே கேட்டுச்சு, எண்ணினா." பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "பரவாயில்ல. தேறிட்டு வரே."

ஆகஸ்ட் 13

ஆறாம் எண் அறை. மூலையில் நிற்கவில்லை. மூச்சு வாங்கியதால் படியில் நின்றேன், அது கணக்கில் வராது.

நவம்பர் 19

ஆர்ஜியாவுக்கு வருடப் பூசை. நத்தைப் பேட்டைக் கோயில், காலை ஏழு மணி. போன வருடம் போலவே தூறல்.

லோரியானா எனக்கு முன்னாலேயே போய்விட்டாள், பூ வைக்கவேண்டும் என்று. நான் வந்தபோது படியில் யாருமில்லை. குடையை மடக்கி வெளியே சாய்த்துவைத்தேன். உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஓரேஸ்தே, "ஆமை புகுந்த கோயில்..." என்று ஆரம்பித்தான். சிஸ்டர் எர்மீனியா அவன் தொடையில் கிள்ளியிருக்கவேண்டும், பாதியில் நின்றுவிட்டது.

நடுவழியாக நடந்தேன். முதல் வரிசை. லோரியானா திரும்பவில்லை. பக்கத்து இடத்தில் கையை விரித்து வைத்திருந்தாள்.

நான் அருகில் போனதும் கையை எடுத்தாள். உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை அந்தப் பொட்டலங்களுக்கெல்லாம் சேர்த்து நன்றி சொன்னேன், மெதுவாகத்தான். ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"சத்தமா சொல்லு" என்றாள். "அம்மாவுக்குக் காது மந்தம்."